கறுத்த கனியும் வெளுத்த கதையும்

தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம்; இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஒரு தீவு. அரங்கம் என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்பதுதான் பொருள். அத்தீவின் மேற்கே படுத்திருக்கிறார் அரங்கநாதர். கிழக்கே, நீருக்குள் நிற்கிறார் சம்புகேசுவரர். அவர் இருக்குமிடம் திருவானைக்காவல். ஊரார் வாயில் திருவானைக்கோயில். நாம் பிறந்தது அங்கே, பெரிய மதிலின் நிழல் மாலையில் வந்து விழும் ஒரு தெருவில்.

ஆடி பிறந்தால் அந்தத் தெருவுக்கு ஒரு நிறம் வரும். நாவற்பழத்தின் நிறம். நம் அப்பாயி பனையோலைக் கூடையில் பழத்தைப் பரப்பி, ஈரத்துணி போர்த்தி, உப்புத் தூவிக் கூறு கட்டிக் கோயில் தெருவில் உட்கார்ந்துவிடுவார். கூறு பத்துக் காசு. தரிசனம் முடிந்து வருவோர் வாங்கித் தின்று, ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டு போவார்கள். பண்டிதர் நாக்கும் பாமரர் நாக்கும் ஒரே நீலமாக இருக்கும். அந்த ஒரு வேளை மட்டும் அந்தத் தெருவில் சாதி தெரியாது.

மதிலுக்கு உள்ளேயும் ஒரு நாவல் நின்றது, இன்றும் நிற்கிறது. அது வெண்ணாவல். தலமரம். அதைச் சுற்றி வருவார்கள், அதன் அடியில் விழுந்து வணங்குவார்கள், உதிர்ந்த இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உள்ளே இருப்பதும் நாவல், வெளியே விற்பதும் நாவல். உள்ளே இருப்பது வெள்ளை; ஆகவே தெய்வம். வெளியே இருப்பது கறுப்பு. ஆகவே கூறு பத்துக் காசு!

அந்த மரம் அங்கே எப்படி வந்தது? தலபுராணம் விடை வைத்திருக்கிறது. சம்பு என்றொரு முனிவர். அவருக்கு வெண்ணாவற் கனி ஒன்று கிடைத்தது. சிவனுக்குப் படைத்தார். சிவன் தின்று விதையை உமிழ்ந்தார். எச்சில் விதையாயினும் ஈசன் எச்சில் அல்லவா? முனிவர் அதை அப்படியே விழுங்கினார். விதை வயிற்றில் முளைத்து, வேர் விட்டு, முனிவரின் தலையைப் பிளந்துகொண்டு மரமாக எழுந்தது. முனிவர் முத்தி பெற்றார், ஊர் பெயர் பெற்றது.

மரம் வந்தபின் யானையும் சிலந்தியும் வந்தன. யானை துதிக்கையால் நீர் கொணர்ந்து இலிங்கத்தை நீராட்டியது. சிலந்தியோ, நாவற் சருகு இலிங்கத்தின் மேல் விழாதபடி மேலே வலை பின்னியது. வாய் நூலால் பின்னிய வலை தூய்மையற்றது என்று யானைக்குத் தோன்றியதாம். (தீட்டு என்னும் எண்ணம் யானைக்கும் வந்துவிட்டது பாருங்கள்!) வலையை நாள்தோறும் பிய்த்தெறிந்தது. சினங்கொண்ட சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. யானை துதிக்கையை நிலத்தில் அறைந்தது. இரண்டும் மாண்டன. ஒரே கடவுள், ஒரே மரத்தடி, இரண்டு பக்தர்கள், இரண்டு பிணங்கள்.

அந்தச் சிலந்திதான் மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை நுழைய முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்று பெரியபுராணம் பேசுகிறது. மன்னன் கற்பனையல்லன். கழுமலப் போரில் சேரன் கணைக்கால் இரும்பொறையை வென்ற அவனைப் பொய்கையார் களவழி நாற்பதில் பாடியிருக்கிறார். அவன் கட்டிய கோயில்கள் எழுபது என்கிறார் திருமங்கையாழ்வார். ஆள் இருந்தான், அவன்மேல் போர்த்திய வலைதான் சிலந்தியின் வலை.

அந்தக் கதைக்குள்ளே ஒரு பெண் இருக்கிறாள். மக்கள் யானையைப் பார்த்து வியக்கிறார்கள், சிலந்தியைப் பார்த்து உருகுகிறார்கள். அந்தப் பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. அவள் பெயர் கமலவதி. சோழன் சுபதேவனின் மனைவி. பேறுகால வேதனையில் துடிக்கிறாள். சோதிடர்கள் சொல்கிறார்கள்: பிள்ளை இப்போது பிறக்கலாகாது, ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மூவுலகும் ஆளும். ஒரு நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம். அவள் என்ன சொன்னாள்? என் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள் என்றாள். தொங்கவிட்டார்கள். நாழிகை கடந்தது, கட்டை அவிழ்த்தார்கள், பிள்ளை பிறந்தது. பிறக்கக் காத்திருந்ததால் கண் சிவந்த பிள்ளை. செங்கண்ணா என்று அழைத்துவிட்டுத் தாய் மாண்டாள்.

இதைச் சொல்லிவிட்டு மங்களம் பாடி எழுந்துபோகிறார்கள். தலைகீழாகத் தொங்கவிட்டவர்களை யார் கேட்டார்கள்? சோதிடரை யார் கேட்டார்கள்? நல்ல நேரம் பார்த்து அறுவைப் பேற்றுக்கு நாள் குறிக்கும் பழக்கம் இன்றும் நம் நகரங்களில் நடக்கிறது. கயிறு போயிற்று, கத்தி வந்தது. சோதிடர் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

மதிலுக்கும் ஒரு கதை உண்டு. வெளிச்சுற்று மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். சிவன் சித்தர் உருவில் வந்து மதில் வேலையை மேற்பார்த்தாராம். மாலையில் கூலியாகத் திருநீறு கொடுத்தாராம். உழைத்தவன் கையில் உழைப்பின் அளவுக்கு அந்த நீறு பொன்னாயிற்றாம். பழம் இல்லாத காலத்தில் நம் அப்பாயி சித்தாளாகக் கல் சுமந்தவர். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது கூடையிலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: “சாம்பலக் கையில குடுத்தா அன்னைக்கி ராவுக்கு ஒல எப்படிடா கொதிக்கும்?” அப்பாயி ஒரு கூட்டத்துக்கும் போனவரல்லர், எழுத்தறியாதவர். ஆயினும் திருநீற்றான் மதிலைப்பற்றி அதைவிடக் கூரிய விமரிசனத்தை நாம் இன்றுவரை எந்த மேடையிலும் கேட்டதில்லை.

பள்ளியில் அவ்வையும் ஆட்டிடையனும் பாடம். நாவல் மரத்தின் மேலிருந்த சிறுவன், சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டுத் தமிழ் மூதாட்டியையே திகைக்க வைத்த கதை. ஆசிரியர் சுவையாகச் சொன்னார். ஒரு சிறுவன் கேட்ட கேள்வி எத்துணை அரியது என்று வியந்தார். நமக்கு ஊக்கம் பிறந்துவிட்டது. எழுந்து நின்று கேட்டோம்: “ஐயா, கோயில் நாவல் மட்டும் ஏன் வெள்ளை?” முனிவர் தலையில் முளைத்ததால் என்றார். “அப்படியென்றால் முனிவர் தின்ற பழம் அதற்கு முன்பே வெள்ளையாக இருந்ததே, அது யார் தலையில் முளைத்தது?” என்றோம். கேள்வி கேட்ட இடையனைப் புகழ்ந்த அதே வேளையில் கேள்வி கேட்ட நமக்குப் பிரம்படி விழுந்தது. 1967ஆம் ஆண்டு அது. கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது, வகுப்பறையில் பிரம்பு மாறவில்லை.

நம் தந்தையார் பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளி. கறுஞ்சட்டைக்காரர். ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டு மணந்தவர். அந்தத் திருமணம் செல்லும் என்று சட்டம் வந்தபோது நமக்கு வயது ஒன்பது. மதிலை ஒட்டிக் குடியிருந்தும் மதிலுக்குள் கால் வைத்ததில்லை. நாவற்பழத்தைப் பிட்டு, “வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு, இது நம்ம கொடிடா” என்பார். திராவிடர் கழகக் கொடியை நாம் முதலில் பார்த்தது அப்பாயியின் கூடையில்தான்.

பிரம்படி பட்ட கையை அவர் பார்த்தார். ஆசிரியரிடம் சண்டைக்குப் போவார் என்று எதிர்பார்த்தோம். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாயியிடம் பத்துக் கொட்டை வாங்கிவந்து, கொல்லையில் பத்துக் குழி தோண்டி, ஒரு நாற்பதுபக்க நோட்டில் நாளும் எண்ணிக்கையும் எழுதச் சொன்னார். “எண்ணு, எழுது, பெறகு பேசு” என்றார். முளைத்தவை எட்டு. அதில்தான் வியப்பு: எட்டுக் கொட்டையிலிருந்து பதினைந்து கன்று வந்திருந்தது! ஒரே கொட்டை இரண்டு கன்று, மூன்று கன்று என்று ஈன்றிருந்தது. நாவல் விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும் என்பது பின்னால் படித்தறிந்தது. அன்று நமக்குத் தெரிந்ததெல்லாம், புராணத்தில் ஒரு விதைக்கு ஒரு மரம், நம் கொல்லையில் ஒரு விதைக்கு மூன்று மரம் என்பதுதான். (தலையிலும் முளைக்குமா என்று பார்க்க ஈரத்துணியில் ஒரு கொட்டையைச் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு ஒரு வாரம் உறங்கியதையும், சளி பிடித்ததையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

வெள்ளை ஏன் என்ற கேள்விக்கு விடை பல்லாண்டு கழித்துக் கிடைத்தது. நாவற்பழத்தைக் கறுநீலமாக்குவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. கனி பழுக்கையில் தோலில் அது ஊறுகிறது. பறவையின் கண்ணுக்கு, பழுத்துவிட்டேன் வா என்று சொல்கிறது. சில மரங்களில் அந்த நிறமி உருவாவதில்லை. கனி வெளிறிப் போகிறது. அவ்வளவுதான். வெண்மை என்பது கூடிய சிறப்பன்று, குறைந்த நிறமி. ஒன்று இல்லாமற் போனதைத் தெய்விகம் என்றார்கள். எல்லாம் நிறைந்து கறுத்ததைத் தெருவில் வைத்தார்கள். வெளுத்த தோலுக்கு ஒரு விலையும் கறுத்த தோலுக்கு ஒரு விலையும் வைக்கிற நாட்டில் பழம் மட்டும் தப்பிக்குமா?

நாவல் வந்த வழியோ இன்னும் அழகானது. கிராம்பையும் நாவலையும் நீர் முகர்ந்து பார்த்தால் உறவென்று சொல்லமாட்டீர். ஆனால் இரண்டும் ஒரே பேரினம். சிசிஜியம் என்று பெயர். 1,200 இனங்களுக்கு மேல் கொண்ட இதுதான் உலகிலேயே மிகப் பெரிய மரப் பேரினம். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தவர்களும் பன்னாட்டு அறிஞர்களும் இந்த மரங்களின் மரபணுவைப் படித்து 2022இல் ஆய்வொன்று வெளியிட்டார்கள். இந்தக் குடும்பத்தின் தாயகம் ஆஸ்திரேலியாவும் நியூகினியும் சேர்ந்த நிலப்பரப்பு என்றும், அங்கிருந்து தென்கிழக்காசியத் தீவுகள் வழியாக மேற்கே பரவி இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் அடைந்தது என்றும் அது காட்டுகிறது. கனியைத் தின்ற பறவையும் வௌவாலும் விதையைச் சுமந்து தீவுக்குத் தீவு இறக்கியிருக்கின்றன. மழைக்காடு மூடிய தீவுகளின் பிள்ளை நம் நாவல்! கிராம்பு, மொலுக்காத் தீவுகளான தெர்னாத்தேயிலும் திதோரேயிலும் தங்கிவிட்ட உறவினர். அந்தக் கிராம்பின் விலை குறையக்கூடாது என்பதற்காக ஒல்லாந்து வணிகக் கம்பெனி பதினேழாம் நூற்றாண்டில் தீவு தீவாக மரங்களை வெட்டிச் சாய்த்தது. பின்னர் 1800ஐ ஒட்டி ஆங்கிலக் கம்பெனி அதைக் குற்றாலத்தில் கொண்டுவந்து நட்டது. நாவலோ கம்பெனிக்கும் முன்னால், மன்னருக்கும் முன்னால், மனிதனுக்கே முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

பழைய நூலோர் நாம் வாழும் நிலத்துக்கு நாவலந்தீவு என்று பெயரிட்டார்கள். மேரு மலையருகே ஒரு நாவல், யானையளவு கனி, அது விழுந்து வழிந்த சாறே ஓர் ஆறு என்றெல்லாம் வளர்த்தார்கள். தீவின் பெயரால் நிலத்தை அழைத்தார்கள். மரம் உண்மையில் தீவுகளிலிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த யானையளவு கனி தேவைப்பட்டிருக்காது.

நம் ஊர் கேள்வி கேட்டவர்களைப் பெறாத ஊரன்று. 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில், ஒரு குழந்தை பிறந்தது: சி. வி. இராமன். 1921இல் கப்பலில் போகையில் மத்தியதரைக் கடலைப் பார்த்தார். கடல் ஏன் நீலம்? வானத்தின் நிழல் என்று பெரிய அறிஞரான ராலே சொல்லியிருந்தார். இராமன் அதை நம்பிவிட்டுத் தூங்கப் போகவில்லை. கையிலிருந்த பட்டகத்தால் வானத்தின் எதிரொளியை மறைத்துவிட்டுப் பார்த்தார். கடல் இன்னும் நீலமாகவே இருந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்றார். அந்தக் கேள்வி வளர்ந்து 1928இல் இராமன் விளைவு ஆயிற்று, 1930இல் நோபெல் பரிசு ஆயிற்று. அவர் எந்தக் குலத்தில் பிறந்தார் என்பதைச் சொல்லி வாயடைக்க நினைப்போர் உண்டு, அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்திலும். நமக்கு அதில் அக்கறையில்லை. ராலே சொன்னார் என்பதற்காக ஏற்கவில்லை என்பதில்தான் அக்கறை.

இதுவரை படித்த தோழர்கள் மகிழ்ந்திருப்பீர்கள். புராணத்தைக் குத்தும்போது நமக்கெல்லாம் ஒரு மகிழ்ச்சி வருகிறது. இனி எழுத வேண்டியது அவ்வளவு எளிதாகக் கைக்கு வரவில்லை.

தந்தையார் 1993இல் ஓய்வு பெற்றார். இரண்டாண்டில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். ஓராண்டுக்கு மேல் ஒழுங்காக உண்டார். பிறகு யாரோ ஒரு துண்டறிக்கையைக் கொணர்ந்து கொடுத்தார்கள். நாவற்கொட்டைத் தூள் காலையில் ஒரு கரண்டி, சர்க்கரை வேரோடு போகும், பக்கவிளைவு இல்லை, நம் முன்னோர் அறிந்தது, வெள்ளைக்காரன் மறைத்தது. இப்படி எழுதியிருந்தது. எந்த ஏட்டிலும் ஒரு வரியைப் படித்தால் இரண்டு முறை ஐயுறும் மனிதர் அதை ஒரே முறை படித்தார், நம்பிவிட்டார்.

ஏன் நம்பினார்? பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறோம். அது வடமொழி மந்திரமாக வந்திருந்தால் கிழித்தெறிந்திருப்பார். சாமியார் கொடுத்த விபூதியாக வந்திருந்தால் கொடுத்தவரையே விரட்டியிருப்பார். அது தமிழாக வந்தது. நம்முடையது என்ற பெயரோடு வந்தது. தம் தாய் கூடையில் வைத்து விற்ற பழத்தின் கொட்டையாக வந்தது. வாயிற்படியில் நின்ற காவல்காரன், உறவுக்காரன் முகத்தோடு வந்தவனைச் சோதிக்காமல் உள்ளே விட்டுவிட்டான்.

நாம் என்ன செய்தோம்? தடுத்தோமா? இல்லை. கொட்டைகளைக் கழுவி மாடியில் காயவைத்தவர்கள் நாம். இயந்திரத்தில் அரைத்து வந்தவர்கள் நாம். கண்ணாடிச் சீசாவில் நிரப்பி, ‘நாவல், காலை 1 கரண்டி’ என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டியதும் நம் கைதான். மாத்திரையை அவர் நிறுத்திவிட்டார் என்பது தெரிந்தும், உடம்பு தெம்பாக இருக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்தோம். பத்துக் கொட்டைக்கு நோட்டுப் போட்டவர், தம் குருதியில் சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறையும் பார்க்கவில்லை. நாமும் பாரும் என்று சொல்லவில்லை.

முனிவர் விதையை விழுங்கினார், தலையில் மரம் முளைத்தது என்றது புராணம். தந்தையார் விதையை விழுங்கினார், சர்க்கரை ஒழிந்தது என்றது துண்டறிக்கை. முன்னதைக் கேட்டுச் சிரித்த அதே வீட்டில்தான் பின்னதை அரைத்தோம்.

1999 கோடையில் இடது காலில் செருப்பு கடித்தது. வலி தெரியவில்லை, தெரியாததால் பார்க்கவில்லை. புண் ஆழ்ந்தபிறகே மருத்துவமனைக்குப் போனோம். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தது. நரம்பின் உணர்வு போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையாக எந்தத் தேதியையும் எங்களால் சொல்ல முடியவில்லை. எழுதி வைத்திருந்தால் அல்லவா! ஐப்பசி மழையில் அவர் மறைந்தார். கடைசி வாரத்தில் ஓர் இரவு நம் கையைப் பிடித்துக்கொண்டு, “எண்ணலியேப்பா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சடங்கில்லாமல் அடக்கம் செய்தோம். அதில் அவர் விருப்பம் வழுவாமல் நிறைவேறியது.

சில ஆண்டுகள் கழித்துத் திருச்சியில் தோழர்கள் கூடிய ஒரு படிப்பு வட்டத்தில் இதைச் சொன்னோம். இளைஞர் ஒருவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “தமிழ் மருத்துவத்தை இழிவு செய்கிறீர்களா? செடிகொடியின் பயனை நம் முன்னோர் அறியமாட்டார்களா?” என்று கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி. சினத்தோடு கேட்டாலும் கேள்வி கேள்விதான். நம் கையில் பிரம்பு இல்லை.

அன்று முழுமையாகச் சொல்ல இயலாததை இன்று சொல்கிறோம். செடியில் மருந்து இல்லை என்று யார் சொன்னது? ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி. அதிலுள்ள ஒரு பொருளை ஆராய்ந்த வழியில் பிறந்ததுதான் மெட்ஃபார்மின் என்னும் மாத்திரை. 1957இல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, எழுதி வெளியிட்டார். இன்று சர்க்கரை நோய்க்கு உலகெங்கும் முதலில் தரப்படும் மாத்திரை அது. தந்தையார் நிறுத்திய மாத்திரைகளுள் ஒன்றும் அதுவே. இலையை விட்டுச் செயற்கையைத் தின்னமாட்டேன் என்று அவர் தள்ளிவைத்ததற்குள்ளேயே ஓர் இலை இருந்தது.

நாவலையும் சோதித்தவர்கள் உண்டு. நாவல் கடல் கடந்து பிரேசிலுக்கும் போயிருக்கிறது. அங்கும் மக்கள் அதன் இலையைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள். அங்குள்ள மருத்துவர்கள், யாருக்கு இலைக்கஷாயம், யாருக்கு மாத்திரை என்பது கொடுப்பவருக்கும் தெரியாமல் குடிப்பவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை உண்டவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. இலைக்கஷாயம் குடித்தவர்களுக்குக் குறையவில்லை. கொட்டையைப் பொறுத்தவரை, எலிகளில் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. அவற்றை இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு இதை உண்ணலாம் என்பதற்கு எலியின் சான்று போதாது. மனிதரில் அது நிறுவப்படவில்லை. நாட்டில் சர்க்கரை நோயுள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் கணக்கிட்டது. அந்தப் பத்துக் கோடிப் பேரின் கைப்பேசிக்கும் இன்று அதே துண்டறிக்கை, வண்ணப் படத்தோடு, நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது. முன்பு ஒருவர் கொணர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமமும் தீர்ந்தது.

அந்த இளைஞர் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் வந்தார். சினம் ஆறியிருக்கவில்லை. தம் தாயாரும் ஏதோ ஒரு வேரைப் பொடித்து உண்பதாகச் சொன்னார். நிறுத்தச் சொல்லவில்லை நாம். மாத்திரையை நிறுத்தாமல் இருக்கிறாரா, மாதந்தோறும் அளந்து பார்க்கிறாரா என்று மட்டும் கேட்டோம். விடை சொல்லாமல் போனார். அதற்குப் பின் அவரைப் பார்க்கவில்லை.

சீசா நம்மிடம் இருக்கிறது. ‘விடுதலை’ ஏட்டின் பழைய கட்டுகள் வைத்திருக்கும் அலமாரியில், அவற்றுக்கு முன்னால், காலியாக நிற்கிறது. எடுத்து எறியும்படி வீட்டில் பலமுறை சொல்லிவிட்டார்கள்.

போன ஆடியில் பெயர்த்தியை அழைத்துக்கொண்டு திருவானைக்கோயில் போயிருந்தோம். நாம் பிறந்த வீடு இல்லை. கொல்லையில் நின்ற நாவல்களும் இல்லை. மதில் அப்படியே இருந்தது. தெருவில் ஓர் அம்மாள் கூடை வைத்து உட்கார்ந்திருந்தார். கூறு கட்டும் வழக்கம் போய்த் தராசு வந்திருந்தது. உப்பு மட்டும் மாறவில்லை. கால்கிலோ வாங்கினோம். பெயர்த்தி இரண்டு பழம் தின்றுவிட்டு, கைப்பேசியின் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“கொட்டைய எறிஞ்சிடாதீங்கய்யா, சக்கரைக்கு நல்லது” என்றார் அந்த அம்மாள்.

அங்கேயே நின்று சொன்னோம். சீசாவை, செருப்புக் கடியை, நோட்டை, எல்லாவற்றையும் சொல்லியிருப்போம் என்று நினைக்கிறோம். பெயர்த்தி இரண்டு முறை கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வேறு ஒருவருக்குப் பழம் நிறுத்துக்கொண்டே கேட்டார். தமக்கும் மூன்றாண்டாகச் சர்க்கரை இருக்கிறது, அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறேன், அதை நிறுத்தவில்லை என்றார். பிறகு கூடையைப் பார்த்தார்.

“அப்ப இந்தக் கொட்ட எதுக்குத்தான்யா ஆகும்?”

“மொளைக்கும்மா. ஒரு கொட்டைல ரெண்டு மூணு கன்னுகூட வரும்.”

“அப்படியா?” என்றவர், பெயர்த்தி துப்பிய கொட்டைகளைப் பார்த்தார். “எத்தன நாளைக்குள்ள ஊணணும்?”

காய்ந்தால் இரண்டு வாரத்தில் உயிர் போய்விடும் என்றோம். ஒரு தாளைக் கிழித்து, அந்த இரண்டையும் பொறுக்கி மடித்துப் பெயர்த்தியின் கையில் கொடுத்தார்.